மண்டையை உடைக்காமல் பூட்டைத் திறக்க முடியுமா?

பூட்டைத் திறக்க மூன்று வழி உண்டு. ஒன்று, சாவி. இரண்டு, சுத்தியல். மூன்றாவது, வெளியிலிருந்தே தட்டி, ஆட்டி, காதை வைத்துக் கேட்டு, உள்ளே இருக்கிற லிவரை நகர்த்துவது. திண்டுக்கல்காரனுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. (2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு எங்க ஊர்ப் பூட்டு என்பதை இந்த இடத்தில் தன்னடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன் :-))

மூளை விஷயத்திலும் இதே மூன்று வழிதான். உதறுவாதம் என்று நம்ம பக்கம் சொல்கிற பார்க்கின்சன் நோயை எடுத்துக்கோங்க. மாத்திரைதான் சாவி. மண்டை ஓட்டில் துளை போட்டு மூளையின் ஆழத்தில் கம்பியை இறக்குவது இரண்டாவது வழி. சுத்தியல் என்று சொன்னால் டாக்டர்கள் கோபித்துக்கொள்வார்கள், ஆனாலும் அது உடைத்துத் திறப்பதுதான். மூன்றாவது, எலும்பைத் தொடாமல், தோல்மேல் எலெக்ட்ரோடு வைத்து, வெளியிலிருந்தே மின்சாரம் கொடுத்து நடுக்கத்தை அடக்கப் பார்ப்பது.

இந்தப் பதிவு அந்த மூன்றாவது வழியின் வரலாறு. மற்ற இரண்டையும் சொல்லாமல் இது புரியாது என்பதால் அதுவும் வரும். இந்த வரலாற்றின் கதாபாத்திரங்களில் பாதிப்பேர் மனுஷங்களே இல்லை. தவளை, நாய், முயல், குரங்கு, பன்றி, எலி. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கோங்க.

பொட்டி தட்டுகிறவனுக்கு மூளையில் என்ன வேலை என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. என் பெரியப்பா நல்லாம்பட்டிப் பக்கம் முப்பது வருஷம் பூட்டுப் பட்டறையில் அரம் பிடித்தவர். மயிரிழை கூடினாலும் சாவி சுற்றாது என்பது அவர் வேதம். அந்தக் கை இப்போது டீ கிளாஸைப் பிடித்தால் பாதி டீ தரைக்குப் போகிறது. போன வருஷம் ஒருத்தர் வீடு தேடி வந்து, தலையில் மாட்டிக்கொள்கிற ஒரு பட்டையைக் காட்டினார். (கம்பெனி பேர் வேண்டாம்.) விலை 48,000 ரூபாய். பெரியம்மா தோட்டை அடகு வைக்கலாமா என்கிற அளவுக்குப் பேச்சு போய்விட்டது. "இது வேலை செய்யுமாங்க?" என்று கேட்டதற்கு வந்தவர் சொன்ன பதில்: "எலிகிட்டயே நிரூபிச்சுட்டாங்க தம்பி."

அந்த ஒரு வரிதான் என்னைப் படிக்க வைத்தது. முழுப் பொய் என்றால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். முழுப் பொய் இல்லை, அதுதான் சிக்கல். "எலியிடம் நிரூபித்தாயிற்று" என்றால் உண்மையில் என்ன அர்த்தம்? சரி, மேட்டருக்கு வருவோம்.

தவளை, நாய், குரங்கு

மின்சார வைத்தியம் மின்சார வாரியத்துக்கு ரொம்ப முந்தியது. முதலாம் நூற்றாண்டில் ரோமில் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்ற மருத்துவர், தீராத தலைவலிக்கு உயிருள்ள மின்திருக்கை மீனைத் தலையில் வைக்கச் சொல்லி எழுதினார். மண்டையை உடைக்காமல் கரண்ட் கொடுத்த முதல் கருவி ஒரு மீன். சார்ஜ் போடும் வேலையும் இல்லை.

அதற்கப்புறம் நம்ம பள்ளிப் பாடத்தில் வரும் கால்வானி. இத்தாலியின் பொலோனா நகரில் 1780-களில் செத்த தவளையின் காலைத் துள்ள வைத்தார், 1791-ல் எழுதி வெளியிட்டார். அவர் மருமகன் ஆல்டினி ஒரு படி மேலே போய், 1803-ல் லண்டனில் தூக்கிலிடப்பட்ட ஒருவரின் உடலில் மின்சாரம் பாய்ச்சிக் காட்டினார். பிணத்தின் தாடை அசைந்ததைப் பார்த்து ஊரே மிரண்டது.

ஆனால் இதெல்லாம் நரம்பும் தசையும். மூளையின் மேற்பரப்பு மின்சாரத்துக்கு மசியுமா? மசியாது என்றுதான் 19-ம் நூற்றாண்டின் பெரும்பாலான அறிஞர்கள் நம்பினார்கள். 1870-ல் பெர்லினில் ஃபிரிட்ச், ஹிட்சிக் என்ற இரண்டு இளம் மருத்துவர்கள் அதைப் பொய்யாக்கினார்கள். ஆய்வுக்கூடத்தில் இடம் இல்லாததால், ஹிட்சிக் வீட்டில் அவர் மனைவியின் அலங்கார மேஜைமேல் நாயைக் கிடத்திச் சோதனை செய்தார்கள் என்று சொல்வார்கள். மூளையின் ஒரு புள்ளியில் லேசாக மின்சாரம் கொடுத்தால் எதிர்ப்பக்க முன்னங்கால் அசைந்தது. பக்கத்துப் புள்ளியில் கொடுத்தால் வேறு தசை. உடம்பின் அசைவுக்கு மூளையில் ஒரு வரைபடம் இருக்கிறது என்பதை முதலில் சொன்னது அந்த நாய்.

1873-லிருந்து இங்கிலாந்தில் டேவிட் ஃபெரியர் இதை இன்னும் நுணுக்கமாகச் செய்து குரங்குகள் வரை கொண்டுபோனார். 1881-ல் அவர்மேல் கேஸே போட்டார்கள், 1876-ல் வந்த விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்படி. விடுதலையாகிவிட்டார் என்பது வேறு விஷயம். மூளையில் கரண்ட் வைத்த கதைக்கும், அது நியாயமா என்ற சண்டைக்கும் கிட்டத்தட்ட ஒரே வயசு.

ஒன்று கவனிச்சீங்களா? நாய்க்கும் குரங்குக்கும் முதலில் மண்டையைத் திறந்தார்கள். ஏன்? எலும்பு மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. தலைத்தோல் நன்றாகவே கடத்தும். மதுரையிலிருந்து கரூர் போகிற லாரி திண்டுக்கல் ஊருக்குள் வருகிறதா? பைபாஸில் போய்விடுகிறது. வெளியே வைத்த கரண்டும் அப்படித்தான். பெரும்பகுதி தோல் வழியாகவே சுற்றிக்கொண்டு அடுத்த எலெக்ட்ரோடுக்குப் போய்விடும். ஊருக்குள் நுழைவது கொஞ்சம்தான். இந்த பைபாஸைக் கடைசிவரை ஞாபகம் வைத்துக்கோங்க.

முயலுக்கு வந்த உதறுவாதம்

ஜேம்ஸ் பார்க்கின்சன் லண்டனில் 1817-ல் ஆறு பேரைப் பார்த்து இந்த நோயைப் பற்றி எழுதினார். அதற்கு வைத்தியம் கண்டுபிடிக்க விலங்குகளிடம் போனால் முதல் சிக்கல், எலிக்கோ முயலுக்கோ இந்த நோய் தானாக வருவதில்லை. முதலில் நோயை வரவழைக்க வேண்டும்.

வழி காட்டியது நம்ம நாட்டு வேர் ஒன்று. சர்ப்பகந்தா. ரத்தக்கொதிப்புக்கு அது நன்றாக வேலை செய்கிறது என்று 1949-ல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜல் வகீல் பிரிட்டிஷ் இதழில் எழுதினார். 1952-ல் சுவிட்சர்லாந்தில் சீபா கம்பெனிக்காரர்கள் அந்த வேரிலிருந்து ரெசர்ப்பின் என்ற பொருளைப் பிரித்தார்கள். 1957-ல் சுவீடனின் அர்விட் கார்ல்சன் அதை முயலுக்குக் கொடுத்தார். காதைத் தொங்கப்போட்டு, அசையாமல், கல்லாய் உட்கார்ந்துவிட்டது முயல். பிறகு எல்-டோபா என்ற பொருளை ஊசியில் ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் முயல் எழுந்து நடமாடியது. மூளையில் டோபமின் வற்றினால் அசைவு போகும், நிரப்பினால் திரும்பும் என்பது அங்கேதான் பிடிபட்டது. 2000-ம் ஆண்டு கார்ல்சனுக்கு நோபல் கிடைத்தது.

அந்த எல்-டோபா எங்கே இருக்கிறது தெரியுமா? 1913-லேயே அவரை வகை ஒன்றிலிருந்து ஐரோப்பாவில் பிரித்திருந்தார்கள். 1937-ல் சென்னை சேப்பாக்கத்தில், பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில், தாமோதரன், ராமசுவாமி என்ற இருவர் பூனைக்காலி விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். பூனைக்காலி தெரியும்தானே? புதரில் படர்ந்து கிடக்கும், காய்மேல் இருக்கிற சுணை பட்டால் அரிப்பு உயிர் போகும். பழைய வைத்தியத்தில் வாத நோய்களுக்குக் கொடுத்த விதை அது. முயல் எழுந்து நடப்பதற்கு இருபது வருஷம் முன்னால் இந்த விதையின் சரக்கு இன்னதென்று சேப்பாக்கத்தில் எழுதி வைத்தாயிற்று. அது எந்த நோய்க்குச் சாவியாகப் போகிறது என்று உலகத்தில் யாருக்கும் அப்போது தெரியாது.

முயலோடு கதையை முடித்துக்கொள்ளவில்லை என்பதுதான் முக்கியம். 1960-ல் வியன்னாவில் ஹார்னிகீவிச், இறந்துபோன நோயாளிகளின் மூளையை எடுத்து அளந்து, அதே டோபமின் அங்கேயும் வற்றியிருப்பதைக் காட்டினார். 1967-ல் அமெரிக்காவில் கோட்ஸியாஸ், சிறுகச் சிறுக அளவை ஏற்றினால் மனிதரிடம் இது பிரமாதமாக வேலை செய்கிறது என்று காட்டினார். முயலிடம் பார்த்ததிலிருந்து மனிதரிடம் நிலைநாட்ட பத்து வருஷம். நடுவில், "அங்கே கெட்டதும் இங்கே கெட்டதும் ஒன்றுதானா?" என்ற கேள்விக்கு ஒருவர் மனித மூளையிலேயே பதில் தேடினார். விலங்கிலிருந்து மனிதருக்கு வந்த வெற்றிகளில் இது முதல் தரம். மற்றதையெல்லாம் நான் இதோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

மெட்ராஸ் ஜி.எச்.

மாத்திரை வருவதற்கு முன்பு இரண்டாவது வழிதான் இருந்தது. 1908-ல் லண்டனில் ஹார்ஸ்லி, கிளார்க் இருவரும் குரங்கின் தலையைப் பொருத்த ஒரு உலோகச் சட்டம் செய்தார்கள். எக்ஸ், ஒய், இசட் என்று மூன்று அச்சு. மூளையின் ஆழத்தில் எந்தப் புள்ளிக்கும் ஊசியைக் குறிபார்த்து இறக்கலாம். முதலாம் ஆண்டு இன்ஜினியரிங் கிராபிக்ஸ்தான், தாளுக்குப் பதில் தலை. மனிதருக்கு அந்தச் சட்டம் 1947-ல் ஃபிலடெல்ஃபியாவில் வந்தது.

இந்தியாவில் மூளை அறுவைக்கு முதல் துறை 1949-ல் வேலூர் சி.எம்.சி.யில், ஜேக்கப் சாண்டி தொடங்கினார். அடுத்த வருஷமே, 1950-ல், சென்னை அரசு பொது மருத்துவமனையில் பி.ராமமூர்த்தி. சீர்காழியில் பிறந்தவர். 1960-களில் அவரோடு வி.பாலசுப்பிரமணியம், எஸ்.கல்யாணராமன், டி.எஸ்.கனகா என்று ஒரு அணியே இந்தச் சட்ட முறை அறுவையில் இறங்கியது. சி.டி. ஸ்கேன் கிடையாது. மூளைக்குள் இருக்கும் நீர் அறைகளில் காற்றையோ சாயத்தையோ செலுத்தி, எக்ஸ்ரே எடுத்து, அதிலிருந்து அளந்து குறி வைக்க வேண்டும். நோயாளி விழித்திருப்பார். ஊசி சரியான இடத்துக்கு வந்ததும் கை நடுக்கம் கண்முன்னால் நிற்கும். அந்த இடத்தைச் சுட்டுவிடுவார்கள். போனது போனதுதான், அன்டூ பட்டன் இல்லை.

கனகா ஆசியாவின் முதல் பெண் மூளை அறுவை நிபுணர்களில் ஒருவர். 1968-ல் அந்தப் படிப்பை முடித்தார். 1975-ல், சுடுவதற்குப் பதில் எலெக்ட்ரோடை மூளைக்குள்ளேயே நிரந்தரமாக வைத்துவிடும் முறையை இந்தியாவில் முதலில் செய்தவர் அவர். இன்று டி.பி.எஸ். என்று பெரிய ஆஸ்பத்திரி விளம்பரங்களில் வருகிற விஷயத்தின் முன்னோடி நம்ம ஜி.எச்.சில். 2018-ல் காலமானார். எத்தனை பேருக்கு அவர் பேர் தெரியும்?

பெருமை பேசும்போது மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். இதே அணி, இதே சட்டத்தை வைத்து, கட்டுக்கடங்காத துறுதுறுப்பும் மூர்க்கமும் கொண்டவர்களின் மூளையிலும், குழந்தைகள் உட்பட, சிறு பகுதிகளைச் சுட்டு அமைதிப்படுத்தியது. அப்போது உலகத்தின் பல ஊர்களில் நடந்ததுதான். 1970 வாக்கில் அவர்களே பெருமையாகக் கட்டுரை எழுதினார்கள். இன்று படித்தால் உறுத்துகிறது. கையில் நல்ல கருவி இருப்பது மட்டும் போதாது, எதை எங்கே செய்யக்கூடாது என்று சொல்ல ஒரு கடிவாளமும் வேண்டும்.

ஊசி எலியும் உறைந்த குரங்கும்

இந்த நேரத்தில் விலங்கு ஆய்வுகளும் முன்னேறின. 1968-ல் சுவீடனின் உங்கர்ஸ்டெட், எலி மூளையின் ஒரு பக்கத்தில் மட்டும் ஒரு ரசாயனத்தைச் செலுத்தி டோபமின் அணுக்களைக் கொன்றார். அந்த எலி ஒரு பக்கமாகவே சுற்றிச் சுற்றி வரும். சுற்றை எண்ணினால் நோயின் அளவு தெரியும், சுற்று குறைந்தால் வைத்தியம் வேலை செய்கிறது. இன்றுவரை இத்துறையின் நாடித் தராசு அந்த எலிதான்.

1982-ல் கலிஃபோர்னியாவில் ஒரு விபரீதம். திருட்டுத்தனமாகத் தயாரித்த போதை மருந்தை ஏற்றிக்கொண்ட சில இளைஞர்கள் ஒரே வாரத்தில் முற்றிய உதறுவாதக்காரர்கள் போல உறைந்து போனார்கள். அதில் கலந்திருந்த எம்.பி.டி.பி. என்ற நஞ்சுதான் காரணம் என்று லாங்ஸ்டன் குழு 1983-ல் சொன்னது. அதே நஞ்சைக் குரங்குக்குக் கொடுத்தபோது குரங்கும் உறைந்தது. 1990-ல் பெர்க்மன், விக்மன், டிலாங் மூவரும் அப்படி உறைந்த குரங்கின் மூளையில் சப்தலாமஸ் கரு என்ற சின்னப் பகுதியைச் செயலிழக்கச் செய்தார்கள். நோய் அறிகுறிகள் பெருமளவு விலகின. எங்கே தட்ட வேண்டும் என்று குரங்கு காட்டிக்கொடுத்துவிட்டது.

எப்படித் தட்டுவது என்பதை 1987-ல் பிரான்ஸின் கிரெனோபிள் நகரில் பெனபிட் காட்டியிருந்தார். சுடாமல், நொடிக்கு நூறு முறைக்கு மேல் மின்துடிப்பு கொடுத்தாலே நடுக்கம் அடங்குகிறது, நிறுத்தினால் திரும்புகிறது. ஆக, அன்டூ பட்டன் வந்தாச்சு :-). குரங்கு சொன்ன இடம், பெனபிட் சொன்ன முறை, இரண்டும் 1993 வாக்கில் சேர்ந்தன. அமெரிக்க அரசின் அனுமதி நடுக்கத்துக்கு 1997-ல், பார்க்கின்சனுக்கு 2002-ல் கிடைத்தது. இன்று உலகம் முழுக்க லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் மார்புத்தோலுக்கு அடியில் பேட்டரியும் மூளையில் கம்பியுமாக நடமாடுகிறார்கள். நன்றாகவும் வேலை செய்கிறது. ஆனால் மண்டையில் துளை, ரத்தக்கசிவு அபாயம், பல லட்ச ரூபாய் செலவு. பட்டறைத் தொழிலாளி வீட்டில் அந்தத் தொகையைப் பேசவே முடியாது. அதனால்தான் மூன்றாவது வழிமேல் எல்லாருக்கும் இத்தனை ஆசை. அந்தப் பட்டை விற்பவரும் நம் ஆசையைத்தான் விற்கிறார்.

வெளியிலிருந்து: பன்றி, எலி, மனிதர்

எலும்பைத் தாண்டி வெளியிலிருந்து கரண்ட் கொடுத்ததில் ரொம்பப் பேர் வாங்கியது 1938. ரோமில் செர்லெட்டி, பினி இருவரும் மனநோய்க்கு மின்வலிப்பு சிகிச்சையைத் தொடங்கினார்கள். அதற்கு முன் செர்லெட்டி போனது பன்றி அறுக்கும் கூடத்துக்கு. பன்றியின் பொட்டில் மின்சாரம் வைத்து மயக்குகிறார்கள், அந்த மின்சாரத்தால் அது சாவதில்லை என்று அங்கே தெரிந்துகொண்டார். ஆனால் அது மூளை முழுவதையும் வலிப்பில் தள்ளுகிற வைத்தியம். நடுக்கத்தை அடக்க மென்மையான வழி வேண்டும்.

அதற்கு விதை போட்டது லண்டனில் பிண்ட்மன், லிப்போல்ட், ரெட்ஃபெர்ன் 1960-களின் தொடக்கத்தில் எலிகளிடம் பார்த்த ஒரு விஷயம். மயக்கத்தில் இருந்த எலியின் மூளைமேல் மிக மெல்லிய நேர்மின்னோட்டத்தைச் சில நிமிடம் கொடுத்தார்கள். நரம்பணுக்களின் சுறுசுறுப்பு மாறியது. கரண்டை நிறுத்தியபின்னும் அந்த மாற்றம் மணிக்கணக்கில் நின்றது. அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் சுடுகிற மாதிரி.

1980-ல் மெர்ட்டன், மார்ட்டன் இருவரும் தலைத்தோல்மேல் மிக அதிக வோல்டேஜில் கணநேர அதிர்ச்சி கொடுத்து மனிதரின் கையைத் துடிக்க வைத்தார்கள். எலும்பு திறக்காமலே மூளையைத் தொட்டாயிற்று, ஆனால் வலி. 1985-ல் ஷெஃபீல்டில் பார்க்கர் அதையே வலியில்லாமல் காந்தத்தால் செய்தார். 2000-ல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் நிட்ஷே, பவுலஸ் இருவரும் லண்டன் எலிகளின் பாடத்தை மனிதத் தலைமேல் போட்டுப் பார்த்தார்கள். வெறும் 1 மில்லி ஆம்பியர், சில நிமிடம், ஈரப் பஞ்சு எலெக்ட்ரோடு. அசைவுப் பகுதியின் சுறுசுறுப்பு மாறி, நிறுத்தியபின்னும் சில நிமிடம் நீடித்தது. இன்று சந்தையில் தலைப்பட்டை என்று விற்கப்படும் பலவற்றின் தாத்தா இந்தச் சோதனைதான்.

இது ஆபத்தா? அதையும் எலிகளே சொல்லின. 2009-ல் லீபெட்டான்ஸ் குழு எலி மண்டைமேல் அளவைக் கூட்டிக்கொண்டே போனது. மூளையில் புண் தெரிந்தது சதுர மீட்டருக்கு சுமார் 143 ஆம்பியர் அடர்த்தியில். மனிதருக்குக் கொடுப்பது வழக்கமாக 2 மில்லி ஆம்பியர், 35 சதுர சென்டிமீட்டர் பஞ்சில். கணக்குப் போட்டால் 0.57. சுமார் 250-ல் ஒரு பங்கு. எலிக்கு நேராக எலும்புமேல் வைத்தார்கள், நமக்குத் தோல்மேல் வைக்கிறோம், அதனால் இரண்டும் அப்படியே ஒப்பிடக்கூடியவை அல்ல. ஆனாலும் இடைவெளி பெரிசு.

பத்திரமாக இருப்பது வேறு, வேலை செய்வது வேறு. பச்சைத் தண்ணியும் பத்திரமானதுதான்! 2018-ல் ஒரு ஆய்வு எலிகளையும், இறந்த மனித உடல்களையும் வைத்து நேரடியாக அளந்தது. தலைத்தோல்மேல் கொடுத்த மின்சாரத்தில் சுமார் 75 சதவீதம் தோலிலும் எலும்பிலுமே போய்விடுகிறது. நம்ம பைபாஸ் கதை. மறுபக்கம், 2019-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில், மனிதருக்குக் கொடுக்கிற அளவுக்கு நிகரான மாறுமின்னோட்டத்தை விழித்திருக்கும் குரங்கின் தலைக்கு வெளியே கொடுத்து, ஆழத்தில் தனித்தனி நரம்பணுக்களைக் கேட்டார்கள். அசைவைக் கட்டுப்படுத்தும் அடித்தளக் கருக்களில்கூட அணுக்கள் வெளியிலிருந்து வந்த தாளத்தோடு சேர்ந்துகொண்டன. எத்தனை முறை அடித்தன என்பது மாறவில்லை, எப்போது அடித்தன என்பது மாறியது. அதாவது உள்ளே போவது கொஞ்சம், ஆனால் பூஜ்யம் இல்லை.

சுற்றும் எலிகள்மேலும் 2010-களில் இந்த வெளி மின்சாரத்தைப் போட்டுப் பார்த்தார்கள். சிலவற்றில் ஒருபக்கச் சாய்வு குறைந்தது. நம் விற்பனைக்காரர் சொன்ன "எலி" இங்கேதான் இருக்கிறது. மனிதரிடம் வந்தபோது? 2013-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு சிறிய ஆய்வில், நோயாளியின் நடுக்கத்தின் தாளத்தைப் பார்த்து, அதற்கு எதிர்த்தாளமாக வெளியிலிருந்து மின்னோட்டம் கொடுத்து, கொடுக்கிற நேரத்தில் நடுக்கத்தைக் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைத்தார்கள். அது அந்த நோயாளிக்கென்று அளந்து, கணத்துக்குக் கணம் பார்த்துக் கொடுத்தது. ரெடிமேட் பட்டை அல்ல. சாதா நேர்மின்னோட்டப் பட்டையின் முடிவுகள் இன்றுவரை கலவையாகவே இருக்கின்றன. பார்க்கின்சனுக்கு நிலைபெற்ற வைத்தியமாக அது ஆகவில்லை.

சுருதி சேராத இரண்டு நாயனம்

இனி வருவது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. கச்சேரிக்கு முன் இரண்டு நாயனத்துக்குச் சுருதி சேர்க்கும்போது, இரண்டும் மயிரிழை விலகியிருந்தால் சத்தம் "வ்வாம்... வ்வாம்..." என்று ஏறி இறங்கும். 400-ம் 402-ம் சேர்ந்தால் நொடிக்கு இரண்டு ஏற்ற இறக்கம். பிளஸ் டூ இயற்பியலில் விம்மல் என்று படித்திருப்போம்.

2017-ல் அமெரிக்காவில் நிர் கிராஸ்மன், எட் பாய்டன் குழு இதையே மின்சாரத்தில் செய்தது. சுண்டெலியின் தலையில் ஒரு ஜோடி எலெக்ட்ரோடில் 2,000 ஹெர்ட்ஸ், இன்னொரு ஜோடியில் 2,010 ஹெர்ட்ஸ். இவ்வளவு வேகமான அலையோடு நரம்பணுவால் ஓட முடியாது, கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். ஆனால் இரண்டும் சந்திக்கிற இடத்தில் 10 ஹெர்ட்ஸ் விம்மல் உண்டாகும், அது நரம்பணுவுக்குப் புரியும். மேல்பகுதியைத் தொந்தரவு செய்யாமல் ஆழத்தைத் தட்டினார்கள். எலெக்ட்ரோடை நகர்த்தாமல், இரண்டு மின்னோட்டத்தின் விகிதத்தை மட்டும் மாற்றி, சந்திப்புப் புள்ளியை நகர்த்தினார்கள். முன்னங்கால், மீசை, காது என்று அசைவு மாறியது. 1870-ல் மண்டையைத் திறந்து நாயிடம் செய்ததை, 147 வருஷம் கழித்து மூளையைத் தொடாமலே சுண்டெலியிடம் செய்துவிட்டார்கள்.

அப்போ பூட்டு திறந்தாச்சா? இல்லை. கணக்கைப் பாருங்க. சுண்டெலி மூளை அரை கிராமுக்கும் குறைவு, நம்முடையது 1,300 கிராமுக்கு மேல். அதன் மண்டை ஓடு கிட்டத்தட்ட காகிதம், நமக்குச் சராசரியாக ஆறேழு மில்லி மீட்டர். அதன் "ஆழம்" என்பது சில மில்லி மீட்டர், நமக்கு அதே ஆழம் பல சென்டிமீட்டர். சுண்டெலியில் நரம்பணுவை நேரடியாக வெடிக்க வைத்தார்கள். மனிதத் தலையில் தோல் தாங்கும் அளவு மின்சாரத்தால் அது நடக்காது, ஏற்கெனவே ஓடும் தாளத்தைச் சற்றே அசைக்கலாம். 2023-ல் இரண்டு குழுக்கள் மனிதரிடம் இதைச் செய்து காட்டின. ஒன்று நினைவுப் பகுதியில், ஒன்று அசைவு கற்றுக்கொள்ளும் ஆழப்பகுதியில். பங்கெடுத்தவர்கள் நோயில்லாதவர்கள். நோயாளிகளிடம் சிறு சோதனைகள் இப்போதுதான் நடக்கின்றன. முயல் கதையோடு ஒப்பிட்டால் நாம் 1957-க்கும் 1967-க்கும் நடுவில் எங்கோ நிற்கிறோம்.

கடன்

இவ்வளவு உயிர்களையும் கடந்து வந்த பிறகு ஒரு பேரைச் சொல்லாமல் முடிக்க மனசு வரவில்லை. 1904-ல் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல். கலாக்ஷேத்ரா என்றால் எல்லாருக்கும் தெரியும். 1952-ல் மாநிலங்களவைக்குப் போனவர், விலங்கு வதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி சொன்னதால் திரும்பப் பெற்றார். அதன் பலன்தான் 1960-ன் சட்டம். விலங்குச் சோதனையை அது முழுசாகத் தடை செய்யவில்லை. தவிர்க்க முடிந்த இடத்தில் தவிர், செய்தே ஆகவேண்டும் என்றால் மயக்க மருந்து கொடு, கண்காணிக்கக் குழு வை என்றது. அதே மெட்ராஸில் ஒரு பக்கம் ராமமூர்த்தியின் அறுவை அரங்கு, இன்னொரு பக்கம் அடையாறில் இந்த அம்மா. எனக்கு இரண்டு பேரும் தேவைப்படுகிறார்கள்.

தவிர்க்கும் வழிகளில் ஒன்று எங்க ஆட்கள் கையில் இருக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸில் வி.ஸ்ரீநிவாச சக்கரவர்த்தியின் குழு, அடித்தளக் கருக்களைக் கணினி மாதிரிகளாக எழுதி பார்க்கின்சனை ஆராய்கிறது. எலியின் இடத்தில் கோட். முழு மாற்று ஆகாது, ஆனால் எத்தனையோ தப்பான யோசனைகளை எலிவரை போகவிடாமல் அங்கேயே தடுக்கலாம். பக் என்றால் திருத்திவிட்டு மறுபடி ஓட்டலாம், யாருக்கும் வலிக்காது.

மூன்று கேள்வி

இனிமேல் யாராவது தலையில் மாட்டுகிற மிஷினோடு உங்க வீட்டுக்கும் வந்தால், சண்டை வேண்டாம், மூன்றே மூன்று கேள்வி கேளுங்க.

ஒன்று: எலியிடம் கெட்டுப்போன அதே விஷயம்தான் மனிதரிடமும் கெட்டிருக்கிறது என்று யார் மனிதரிடம் அளந்தது? (வியன்னாவில் ஹார்னிகீவிச் செய்தது.)

இரண்டு: எலும்பைத் தாண்டி உள்ளே போவது எவ்வளவு? எங்கே போகிறது? (பைபாஸ் கேள்வி.)

மூன்று: இதே நோய் உள்ள எத்தனை பேரிடம், பொய் மிஷின் மாட்டிய இன்னொரு கூட்டத்தோடு ஒப்பிட்டு, எத்தனை மாதம் பார்த்தார்கள்?

மூன்றாவது கேள்விக்கு ஒரு காரணம் இருக்கிறது. பார்க்கின்சனில் நம்பிக்கையே கொஞ்சம் டோபமினைச் சுரக்க வைக்கும் என்று மூளைப் படங்களில் 2001-லேயே காட்டிவிட்டார்கள். அதனால் "மாட்டினதும் நல்லா இருக்கு" என்று நோயாளி சொல்வது பொய்யாக இருக்காது. மிஷின் வேலை செய்கிறது என்பதற்கு ஆதாரமாகவும் இருக்காது.

மூன்றுக்கும் நேரான பதில் வருகிற நாளில் நானே முதல் ஆளாக வரிசையில் நிற்பேன். அந்த நாள் வரும் என்றுதான் நம்புகிறேன். பூனைக்காலி விதைக்கு முப்பது வருஷம் ஆச்சு, சுண்டெலிக்கு இப்போதுதான் பத்து வருஷம் நெருங்குகிறது.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்தவோ, பூனைக்காலியைப் பறித்து அரைத்துக் குடிக்கவோ வேண்டாம். விதையில் இருக்கிற சரக்கின் அளவு ஒன்றுக்கொன்று மாறும், ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அது வம்பு. நரம்பியல் டாக்டரிடம் கேளுங்க. அவரிடமும் இந்த மூன்று கேள்வியைக் கேட்கலாம், நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார் :-)